அடிக்கட்டையில் நாலு பல்

வங்கிக் காவலாளியாக முப்பது வருஷம் நின்ற அப்பா, தையல்காரி மகளுக்கு விட்டுப்போன ஒரே சொத்து அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி. அது ஒரு கொள்ளைக்காரனின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அதன்மேல் நடந்த ஒரே தாக்குதல், லீவு நாளில் அவர் துடைத்துக்கொண்டிருந்தபோது, பல் முளைத்த கைக்குழந்தை அதன் மர அடிக்கட்டையைக் கடித்ததுதான். வேலை நேரமெல்லாம் அப்பா அந்தப் பல்தடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நிற்பார்.

அவரோடு உரிமமும் முடிந்தது. சுட முடியாதபடி அடைத்தால் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று காவல் நிலையத்தில் சொன்னார்கள்.

துப்பாக்கி பழுதுபார்ப்பவர் குழல்களைப் பற்றவைத்து அடைத்தார். "இனிமே இது வெறும் தடிதாம்மா. சுடாது."

"முன்னாடி மட்டும் சுட்டு கிழிச்சுச்சாக்கும்!"

அவர் அடிக்கட்டையைத் திருப்பி முகம் சுளித்தார். "அடடா, எலி கடிச்சிருக்கே. தேச்சு பாலிஷ் போட்டுடறேன், காசெல்லாம் வேணாம்." உப்புத்தாளை எடுத்தும்விட்டார்.

தையல்காரி இரண்டு கையாலும் கட்டையைப் பொத்திக்கொண்டாள். "அந்த எலி நான்தாண்ணே. தேச்சீங்க, உங்க கையையும் கடிச்சு வெச்சிருவேன்."

அவர் அவள் வாயை ஒருமுறை பார்த்தார். பிறகு உப்புத்தாளை மேசை டிராயருக்குள் போட்டு மூடினார்.