சித்தப்பா வாங்கிய செருப்படி

சித்தப்பாவை மாமா செருப்பால் அடித்ததை எங்கள் லைன் மொத்தமும் வேடிக்கை பார்த்தது. மூன்றாம் வகுப்பு படித்த நானும் முன்வரிசையில் நின்று பார்த்தேன்.

ஆண்டர்சன்பேட்டையில் அந்தக் காலத்துத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளுக்கு நடுச்சுவர் ஒன்றுதான். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் காரணம் சொல்வார்கள். அங்கேதான் சித்தி கை நிறைய நீலக் காயங்களோடு நடமாடினாள். கட்டில் இடித்தது, குடம் பட்டது என்பாள். எவன் நம்புவான்? சித்தப்பா தினமும் பெங்களூர் ரயிலில் வேலைக்குப் போய்வருபவர், அதிகம் பேசமாட்டார். அதுவே அவருக்கு எதிரான சாட்சி.

டெங்கு வந்துபோன வருடம் அது. பிளேட்லெட் கவுண்ட் குறைந்தால் உடம்பில் நீலம் பூக்கும் என்று எங்கள் லைனில் குழந்தைக்கும் தெரியும். அம்மாவுக்கும் அவள் தங்கையான சித்திக்கும் அண்ணனான மாமா அவளை ராபர்ட்சன்பேட்டை லேபுக்குக் கூட்டிப்போனார். கவுண்ட் சரியாக இருந்தது. அப்படியானால் புருஷன்தான் அடிக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்.

"கவுண்ட் சரியா கீது. இன்னாடா பண்ண என் தங்கச்சிய?"

"நான் தொடவே இல்ல மச்சான்."

"அவர் அடிக்கலண்ணா, விடு!" என்று சித்தி குறுக்கே விழுந்தாள்.

"அடி வாங்குறவ எவ புருஷன காட்டிக் குடுப்பா?" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தாள். செருப்பு விழுந்தது. அம்மா வாசலில் நின்றாள், வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் சித்தி தலைவலி என்று உட்கார்ந்தாள். வாந்தி எடுத்தாள், பேச்சு குழறி விழுந்தாள். மண்டையில் அடித்துவிட்டான் என்று ஆஸ்பத்திரியிலேயே மாமா சித்தப்பாவின் சட்டையைப் பிடித்தார். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, அடிபட்ட குறியே இல்லை, மூளைக்குள் தானாக ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். பிளேட்லெட் போதுமான அளவு இருந்தும் ஒன்றோடொன்று ஒட்டாததால் ரத்தம் நிற்காத பிறவிக் கோளாறாக இருக்கலாம், வீட்டில் வேறு யாருக்காவது இப்படிக் காயம் வருமா என்று கேட்டார்.

"எங்க குடும்பத்துல அதெல்லாம் கெடையாதுங்க" என்றார் மாமா.

அம்மா புடவையை முழங்கால்வரை தூக்கினாள். கால் முழுக்க நீலமும் பச்சையும்.

"சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தாங்க. வூட்டுக்காரர் அடிக்கிறார்னு பேசுவாங்கன்னு மூடியே வச்சிருந்தேன்."

சித்தப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சித்தி பிழைக்கவில்லை. சித்தப்பா அதன்பிறகு எங்கள் பக்கமே வரவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

ஆனால் ஆஸ்பத்திரியில் அன்றைக்கு எனக்கு அம்மா மேல்தான் ஆத்திரம். இத்தனை ஆம்பளைகள் நடுவே காலைக் காட்டுகிறாளே என்று மானம் போய், ஓடிப்போய் அவள் புடவையைக் கீழே இழுத்துவிட்டேன். செருப்பு விழுந்த அன்றே அவள் அதைத் தூக்கியிருக்க வேண்டும் என்பது எனக்கு உறைக்கவில்லை.