அஞ்சு நாள் மாத்திரை

தியாகதுருகம் கிளினிக்கில் கொளஞ்சியப்பன் பன்னிரண்டு வருஷமாகக் கம்பவுண்டர். உடம்பு அசதி என்று வருகிறவர்கள் அவரிடம் கேட்பது கால்சியம் ஊசிதான். நரம்பில் ஏற ஏற உடம்பெல்லாம் சூடு பரவும். சூடு ஏறாவிட்டால் கம்பவுண்டர் தண்ணீரைக் குத்தி ஏமாற்றிவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள் நம் சனங்கள்.

எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். வழியெல்லாம் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். கள்ளக்குறிச்சி போன கிளினிக் டாக்டர் அங்கேயே மாட்டிக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை, கரும்புக் காடுகளுக்குள் புகுந்து மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தார் பக்கத்து ஊர் ராணியம்மாள். ஒரே அசதியாம், ஊசி வேண்டுமாம்.

இருதய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த ஊசி போட்டால் நெஞ்சு தாறுமாறாக அடித்து நின்றே போகலாம் என்று டாக்டர் பயமுறுத்தி வைத்திருந்தார். அதனால் மாத்திரை எதுவும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்காமல் கொளஞ்சியப்பன் ஊசியைத் தொடமாட்டார். கேட்டார். இல்லை என்றார் அந்த அம்மாள்.

பாதி மருந்து ஏறியிருக்கும். "சூடு நல்லா ஏறுதுப்பா. நாளைக்கு நெஞ்சு மாத்திரய எப்பவும் போல போட்டுக்கலாமில்ல?"

கொளஞ்சியப்பன் ஊசியைப் பிடுங்கிவிட்டார். "கேட்டதுக்கு இல்லன்னீங்களே?"

"இன்னிக்கு இல்லதான. வாரத்துல அஞ்சு நாளுதான் போடச் சொன்னாரு சேலத்து டாக்டரு. சனி, ஞாயிறு லீவு."

இரண்டு நாள் விட்டாலும் அந்த மாத்திரை உடம்பில் தங்கியிருக்கும் என்பது கொளஞ்சியப்பனுக்குத் தெரியும். நாடியைப் பிடித்தார். ஒரு துடிப்பு துள்ளியது, அடுத்தது வரவே இல்லை, பிறகு இரண்டு சேர்ந்து வந்தன. கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிப் போக வழியில்லை. கொன்றுவிட்டோம் என்றே நினைத்தார். பிடித்த நாடியை விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து நாடி சீரானது. இனி யாரிடமும் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று கும்பிடாத குறையாகச் சொன்னார். பாதியில் நிறுத்தியதற்குக் கோபித்துக்கொண்டே வண்டி ஏறினார் ராணியம்மாள்.

கை கழுவும்போதுதான் பிச்சைமுத்துவின் நினைப்பு வந்தது. போன தை மாதம் கொளஞ்சியப்பனிடமே இதே ஊசியைப் போட்டுக்கொண்டு எழுந்தவர், தெருமுனை தாண்டுவதற்குள் விழுந்து செத்துப்போனார். வயசாகிவிட்டது என்றது ஊர். கொளஞ்சியப்பனும் அப்படியே நம்பி, மாலை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

பிச்சைமுத்துவிடமும் மாத்திரை உண்டா என்று கேட்டிருந்தார். அவரும் இல்லை என்றுதான் சொன்னார். அன்றைக்கு என்ன கிழமை? அது ஞாபகத்துக்கு வந்துவிடக் கூடாதே என்று கொளஞ்சியப்பன் பயந்தார்.