குறைவாகக் குப்பை கொடுத்த வீடு

மாஸ்டரின் வெள்ளைக் கேன்வாஸ் ஷூக்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் மதில்மேல் காய்ந்துகொண்டிருக்கும். ஈரச் சுண்ணாம்பு பூசி, நாக்கை வெளியே இழுத்துவிட்டு, இரண்டையும் ஒரே கோட்டில் வைத்திருப்பார். பீளமேட்டில் பழைய மில்லுக்குப் பின்னாலிருக்கும் அந்தக் காலனியில் நானும் என் கணவரும் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தோம். நான் பம்புசெட் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கீழே டீச்சரும் மாஸ்டரும். டீச்சர் கணக்கு, மாஸ்டர் உடற்பயிற்சி; இருவரும் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகள் இல்லை. காலனியில் பாதி ஆண்கள் ஒருகாலத்தில் மாஸ்டரின் விசிலுக்கு ஓடியவர்கள். தாமதமாக வந்தவனையும் நகம் வெட்டாதவனையும் வெயிலில் தனியாக நிற்கவைத்து மற்றவர்களைப் பார்க்கச் சொல்வாராம். "வெக்கம் இருந்தாத்தான் மனுசன் நிமுந்து நிப்பான்" என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நல்லவர்தான். ஆனால் மென்மையானவர் என்று சொல்லமாட்டேன்.

ஒரு மார்கழிக் காலையில், நடைக்குக் கிளம்பி ஷூக் கயிற்றைக் கட்டக் குனிந்தவர் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். பக்கவாதம். மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது வலப்பக்கம் முழுக்க விழுந்திருந்தது, பேச்சு குழறியது, சிறுநீரும் மலமும் அவர் வசத்தில் இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் டீச்சரிடம் சொன்ன முதல் விஷயம், இது வெளியே யாருக்கும் தெரியக்கூடாது என்பதுதான். கால் வலி, டாக்டர் நடக்க வேண்டாமென்று சொல்லியிருக்கிறார் என்று டீச்சர் தெருவில் சொன்னார். பார்க்க வந்தவர்களிடம் தூங்குகிறார் என்றார். உள்ளே போக அனுமதி இருந்தது எங்கள் இருவருக்கு மட்டும்தான், அதுவும் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க டீச்சரால் தனியாக முடியாது என்பதால். நாங்கள் போகும்போதெல்லாம் மாஸ்டர் கண்களை மூடிக்கொள்வார். வேலை முடிந்து போர்வை கழுத்துவரை ஏறிய பிறகுதான் திறப்பார். பிறகு எதுவுமே நடக்காததுபோல என் ஆபீஸ் பற்றி விசாரிப்பார்.

எங்கள் காலனியில் அப்போது குப்பைதான் எல்லாப் பேச்சும். மக்கும் குப்பை பச்சை வாளியில், தினமும். மக்காத குப்பை நீல வாளியில், புதன்கிழமை மட்டும். பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்துத்தான் போடவேண்டும். பல்பு, பேட்டரி, காலாவதியான மருந்து தனிப்பையில். நாப்கினும் டயப்பரும் செய்தித்தாளில் சுற்றி, சிவப்பு மையில் அடையாளம் போட்டு, வண்டிக்காரர் கையிலேயே கொடுக்கவேண்டும். இது மாநகராட்சி சொன்ன விதி. அதை வேதமாக்கியவர் எங்கள் சங்கத் தலைவர். அவருடைய அக்கா குடும்பம் குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருந்தது. கிடங்கு தீப்பிடித்துப் புகைந்த நாட்களில் அந்த வீட்டுக் குழந்தைகள் மூச்சுவிட முடியாமல் தவித்ததை அவர் பார்த்திருக்கிறார். அவர் ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வண்டி வரும்போது கையில் மூங்கில் குச்சியோடு அதன் கூடவே நடப்பார். சந்தேகம் வந்தால் பையைக் கிளறிப் பார்ப்பார். அப்போதும் அவர் வாயில் ஒரு மரியாதைக் குறைவான சொல் வராது.

டீச்சர் ஆரம்பத்தில் டயப்பர்களைக் கறுப்புக் கவரில் கட்டி நீல வாளியின் அடியில் வைத்துவிட்டார். வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருநாள் அதைக் கண்டுபிடித்து, தெருவில் யாரும் இல்லாத நேரத்தில் கேட்டைத் தட்டினார். "இதையெல்லாம் நாங்க கையிலதானுங்க டீச்சர் பிரிக்கோணும்" என்று மட்டும் சொன்னார். டீச்சருக்கு முகம் செத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு, அன்றிலிருந்து ஒழுங்காகச் சுற்றி, சிவப்பு அடையாளம் போட்டார். தெரு முழுக்கப் பார்த்திருக்க அந்தப் பொட்டலத்தை நீட்ட முடியாது என்பது அந்த அக்காவுக்கு யாரும் விளக்காமலே புரிந்திருந்தது. வண்டி வருவதற்கு முன்பே பின்பக்கச் சந்துக்கு வந்து வாங்கிக்கொண்டு போனார். விதியும் காப்பாற்றப்பட்டது, மாஸ்டரின் மானமும் காப்பாற்றப்பட்டது. சில மாதங்கள் அப்படி ஓடின.

பிறகு அந்த அக்காவை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவருக்குச் சந்து தெரியாது. கேட்டுக்கொள்ளலாமென்று டீச்சர் இரண்டொரு முறை வாயெடுத்தும் தலைவர் வண்டியோடு ஒட்டியே நின்றார். பொட்டலங்கள் கொல்லைப்புறத்தில் சேர்ந்தன. வெயில் காலம். நாற்றம் ஜன்னல் வழியாக மாஸ்டரின் கட்டிலுக்கே வந்தது. அவர் இடக்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றதை டீச்சர் பார்த்தார். அந்தப் புதன்கிழமை எல்லாவற்றையும் ஒரு பெரிய கறுப்புக் கவரில் போட்டு, மேலே பால் பாக்கெட்டுகளையும் அட்டைப் பெட்டியையும் அடுக்கி, நீல வாளியைத் தானே தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தார்.

நான் பஸ்ஸுக்குக் கிளம்பி மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். பால் பாக்கெட் நிறைந்த வாளி அவ்வளவு கனக்காது. டீச்சர் அதைச் சாய்ந்து தூக்கிய விதமே தலைவரை நிறுத்திவிட்டது. "குடுங்க டீச்சர், நீங்க எதுக்குச் செரமப்படறீங்க" என்று அவரே வாங்கித் தரையில் கவிழ்த்தார். கவரைக் குச்சியால் கிழித்தார். எதிர்வீட்டு வாசலிலும் பக்கத்து வாசல்களிலும் வாளியோடு நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பிரிந்து கிடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. தலைவர் ஒவ்வொன்றாகக் குச்சியால் தள்ளி வரிசையாக வைத்தார், கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார்.

"ஏனுங்க டீச்சர், படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணுனா எப்படீங்க?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. பிறகு ஒரு யோசனை வந்தவர்போல, "உங்க ஊட்டுல கொழந்தை ஏதுமில்லீங்களே?" என்றார்.

டீச்சர் குனிந்தார். வெறுங்கையால் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். நானும் உட்கார்ந்தேன். என் கையைத் தட்டிவிட்டு, "நீ போ கண்ணு, பஸ்ஸு போயிரும்" என்றார். நான் போகவில்லை. இருவரும் எல்லாவற்றையும் அள்ளி உள்ளே எடுத்துவருவதற்குள் படம் காலனியின் வாட்ஸ்அப் குழுவில், வீட்டு எண்ணோடு, வந்துவிட்டிருந்தது. கீழே யாரோ சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார்கள். இன்னொருவர், அவரும் மாஸ்டரின் மாணவர்தான், 'மாஸ்டருக்கா?' என்று கேட்டிருந்தார். அதற்கு மேலும் சிரிப்புகள். அந்தக் குழுவில் மாஸ்டரும் இருந்தார். படுக்கையில் கிடந்தவருக்கு உலகமே இடக்கையில் பிடித்திருந்த அந்தக் கைப்பேசிதான். நாங்கள் அறைக்குள் போனபோது அவர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கத்தியிருந்தால், டீச்சரைத் திட்டியிருந்தால், எல்லோருக்கும் நல்லதாக இருந்திருக்கும். கைப்பேசியை நெஞ்சின்மேல் கவிழ்த்துவைத்துவிட்டு விட்டத்தைப் பார்த்தார். மதியம் சாப்பாட்டுக்கு வாய் திறக்கவில்லை. கோபம், மாலைக்குள் சரியாகிவிடும் என்று டீச்சர் நினைத்தார். மாலைக் காப்பியும் வேண்டாமென்றார். மறுநாள் கஞ்சியும் தண்ணீரும் உதட்டோரமாக வழிந்து தலையணைக்குள் போயின. பற்களை அப்படி இறுக்கியிருந்தார். டீச்சர் கெஞ்சினார், அழுதார், ஒருமுறை கன்னத்தில் அறைந்தும் விட்டார். நான் லீவு போட்டுவிட்டுக் கீழேயே இருந்தேன். டீச்சர் கொஞ்சம் கண்ணயர்ந்த நேரத்தில் ஒரு தேக்கரண்டித் தண்ணீரோடு பக்கத்தில் உட்கார்ந்து, எனக்காகக் குடியுங்கள் என்றேன். மாஸ்டர் என்னை வெகுநேரம் பார்த்தார். பாதி வாயால், மிகவும் சிரமப்பட்டு, கணக்கு விளங்காத பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்:

"உள்ள போகலீன்னா வெளிய வராதல்ல, அம்மணி."

மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் இடக்கையில் டிரிப் ஏற்றினார்கள். நர்ஸ் திரும்பியதும் அவர் பல்லால் கடித்தே ஊசியைப் பிடுங்கிப் போட்டார். இடக்கையைக் கட்டிலோடு கட்டி மறுபடி ஏற்றினார்கள். அதற்குள் சிறுநீரகம் நின்றுவிட்டிருந்தது. கடைசி நாளில் அவருக்கு டயப்பர் மாற்றவேண்டிய அவசியமே வரவில்லை. டீச்சர் அதை வழக்கம்போலச் சோதித்துப் பார்த்துவிட்டு, காய்ந்தே இருந்ததைக் கையில் வைத்துக்கொண்டு வராண்டாவில் உட்கார்ந்திருந்தார். அப்படித்தான் அவரிடம் செய்தி சொல்லப்பட்டது.

காலனி முழுக்க வந்தது. மாஸ்டரின் பழைய மாணவர்கள் பாடையைத் தூக்கப் போட்டி போட்டார்கள்; சிரிக்கும் பொம்மை போட்டவர்தான் முன்பக்கம் பிடித்தார். தலைவர் பெரிய ரோஜா மாலையோடு வந்து, காலைத் தொட்டுக் கும்பிட்டு, நிஜமாகவே கண் கலங்கினார். தன் மகனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாஸ்டர் எதனால் இறந்தார் என்பது அவருக்குத் தெரியாது. சொல்ல நாங்கள் வாயெடுத்தபோதெல்லாம் டீச்சர் தலையசைத்துத் தடுத்துவிட்டார். மின்மயானத்துக்கு வண்டி கிளம்பியதும் தலைவர் என் கணவரை ஓரமாக அழைத்தார். ஏதோ உதவி கேட்கப் போகிறார் என்று நினைத்தோம். "மாலையெல்லாம் நாரை உருவிப்போட்டுப் பூவை மட்டும் பச்சை வாளியில போடச் சொல்லுங்க. அப்பறம் அந்த மெத்தை, அதை வண்டியில எடுக்க மாட்டாங்க, தனியாச் சொல்லி உடோணுமுங்க" என்றார். தோளில் கைவைத்து, மிக அன்பாகச் சொன்னார். அந்த அன்பைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

டீச்சர் அந்த வீட்டிலேயே இருந்தார். ஒரு வேளை சமைத்து இரண்டு வேளை சாப்பிட்டார். பேப்பரை நிறுத்திவிட்டார், பாலைக் கால் லிட்டராக்கிவிட்டார். புதன்கிழமைகளில் நீல வாளியில் கழுவிக் காய்ந்த பாக்கெட்டுகள் கொஞ்சம்தான் கிடக்கும். வண்டி வரும்போது மற்றவர்களோடு வரிசையில் நிற்பார். தலைவர் குசலம் விசாரித்தால் பதில் சொல்வார். மாஸ்டரைப் பற்றித் தெருவில் ஒருவரும் பேசுவதில்லை. அந்தப் பேச்சு வரும்போலிருந்தால் வாளியைக் காரணம் காட்டி நகர்ந்துவிடுவார்கள்.

அடுத்த சுதந்திர தினத்துக்குப் பூங்காவில் பந்தல் போட்டிருந்தார்கள். மாஸ்டர் இருந்தவரை அணிவகுப்பு அவர் பொறுப்பு. அந்த வருடம் அணிவகுப்பு இல்லை, குப்பைக்குப் பரிசு வழங்கும் விழா. மாநகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். காலனிப் பிள்ளைகள் பல வாரங்களாக ஒவ்வொரு வீட்டு வாளியையும் தொங்கு தராசில் நிறுத்திருந்தார்கள். மிகக் குறைவாகக் குப்பை கொடுத்த வீட்டுக்கு முதல் பரிசு என்று தலைவர் மைக்கில் அறிவித்தார். சங்கப் பதிவேட்டில் வீடு யார் பெயரில் இருந்ததோ அந்தப் பெயரைத்தான் படித்தார். மாஸ்டரின் முழுப்பெயர், தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு, ஒலிபெருக்கியில் வந்தது.

நான் டீச்சரின் கையைப் பிடித்தேன். போகவேண்டாம் என்றேன். அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்துபோனார். அதிகாரி புத்தம்புதிதாக ஒரு பச்சை வாளியும் ஒரு நீல வாளியும் கொடுத்தார். இரண்டு வார்த்தை பேசச் சொல்லித் தலைவர் மைக்கை நீட்டினார்.

"எங்க ஊட்டுல ஒருத்தரு கொறைஞ்சு போயிட்டாருங்க" என்றார் டீச்சர். "அதனால குப்பையும் கொறைஞ்சு போச்சுங்க."

முன்வரிசை அசையவில்லை. பின்னால் மைக் சரியாகக் கேட்காத இடத்தில் பிள்ளைகள் கைதட்டினார்கள். கைதட்டல் எழுந்துவிட்டதால் முன்வரிசையும் என்ன செய்வதென்று தெரியாமல் தட்டத் தொடங்கியது. தலைவரும் தட்டினார். படம் எடுப்பவர் வாளிகளைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னார். டீச்சர் தூக்கிப் பிடித்தார்.

நாங்கள் இப்போது எங்கள் சொந்த ஊரான காரமடைக்கே திரும்பிவிட்டோம். இங்கே தெருவில் வண்டி வருகிறது, நானும் பிரித்துத்தான் போடுகிறேன். விதியில் எந்தத் தவறும் இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. போன மாதம் பீளமேடு போயிருந்தபோது டீச்சரைப் பார்த்தேன். நன்றாக இளைத்திருந்தார். காப்பி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். இத்தனை காலமாக மனதில் கிடந்ததை அன்று கேட்டுவிட்டேன்: அந்த மேடைக்கு எதற்குப் போனீர்கள், முகத்தில் அடித்தாற்போல மறுத்திருக்கலாமே.

 பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தெருவில் கத்திக்கொண்டு போனார்கள். அவர்கள் கடக்கும்வரை டீச்சர் காத்திருந்தார்.

"அவரு போனதுக்கப்பறம் இந்தக் காலனியில ஒருத்தரு வாயிலயும் அவரு பேரு வரலையே கண்ணு. அன்னைக்குத்தான் மைக்குல முழுப்பேரும் சொன்னாங்க" என்றார். "பேரு சொல்லிக் கூப்பிட்டா யாராச்சும் எந்திரிச்சுப் போகோணுமல்ல?"