பூனை வந்த பொந்து

மைசூரில் எங்கள் வீட்டுச் சமையலறைக்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் கூரை கிடையாது. மேலே தென்னங்கீற்றுதான். கேட்டவர்களிடமெல்லாம் சிமெண்ட் பர்மிட் கிடைக்கவில்லை என்று சொன்னேன். சுதந்திரம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம். சிமெண்ட் பர்மிட் என்றால் யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார்கள், தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் நான் சொன்னது பாதி உண்மை. மீதியை இத்தனை வயதுக்கு மேலாவது எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. ஒரு கல்லூரியின் பௌதிக லாபில் டெமான்ஸ்ட்ரேட்டர். அப்பாவும் அம்மாவும் காலமாகி, அக்ரஹாரத்தில் இருந்த நாட்டு ஓட்டு வீடு என் தலையில் விழுந்திருந்தது. இன்னும் இரண்டு மழை போனால் நிஜமாகவே விழுந்துவிடும் என்ற நிலை. கல்யாணமாகி வந்த என் மனைவி வீட்டைப் பற்றி முதலில் சொன்னது, சாத்தமுது கொதிக்கும்போது அதில் கரையான் மண் உதிர்கிறது என்பதுதான். சமையலறையில் ஆரம்பித்து ஒவ்வொரு அறையாக ஓட்டைப் பிரித்து மங்களூர் ஓடு போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்திலிருந்து வந்து மைசூரில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு மேஸ்திரி கிடைத்தார். ஏறக்குறைய என் வயதுதான் அவருக்கும்.

சமையலறைக் கூரையைப் பிரித்து, சுவரை ஒரு முழம் உயர்த்தியிருந்தபோது என் மனைவி உண்டாகியிருப்பது தெரிந்தது. சந்தோஷத்தில் மேஸ்திரியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் பூச்சுக் கரண்டியைத் தண்ணீரில் அலசி வைத்துவிட்டுச் சாரத்திலிருந்து இறங்கிவிட்டார். மாசமாக இருக்கிற வீட்டில் சுவரை இடிக்கக்கூடாதாம், ஆணி அடிக்கக்கூடாதாம், முக்கியமாகப் பொந்து எதையும் அடைக்கக்கூடாதாம். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதாம். நான் சிரித்தேன். காந்தத்தையும் லென்ஸையும் காட்டிப் பிழைக்கிறவன் வேறென்ன செய்வான்? ஆனால் கொள்ளேகாலிலிருந்து என் மாமனாரும் அதையேதான் எழுதினார். அதே சாஸ்திரப்படி நான் சவரம் செய்துகொள்ளவும் கூடாது என்று ஒரு வரி சேர்த்திருந்தார். மேஸ்திரி மேலே கீற்றைப் போட்டு மூடினார். சாரத்து மூங்கில்களைச் செருகிய பொந்துகள் சுவரில் திறந்தபடி இருந்தன. வேலையெல்லாம் முடிந்து சாரம் பிரிக்கும்போதுதான் அவற்றை அடைப்பது வழக்கம். குழந்தை பிறந்ததும் சொல்லியனுப்பச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சீமந்தம் முடிந்து மனைவியைக் கொள்ளேகாலுக்கு அழைத்துப் போனார்கள். இரண்டு மூன்று மணி நேர பஸ் பிரயாணம்தான். ஆனால் அந்த ஊர் அப்போது கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்ததால், ராஜ்யம் விட்டு ராஜ்யம் அனுப்பிவிட்ட மாதிரி எனக்கு இருந்தது. தாடியோடு கல்லூரிக்குப் போய்ப் பையன்களின் சிரிப்பை வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து தயிர் சாதமும் நார்த்தங்காயும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். வாய்விட்டு ஒரு வார்த்தை பேச ஆளில்லை.

அந்தச் சமயத்தில்தான் பூனை வர ஆரம்பித்தது. வெள்ளை உடம்பில் கறுப்பும் செம்பட்டையும் திட்டுத் திட்டாக. அதுவும் வயிறு தள்ளியிருந்தது. பின்பக்கம் அடுக்கியிருந்த செங்கல் மேல் ஏறி, தாழ்வாக இருந்த ஒரு பொந்து வழியாகச் சமையலறைக்குள் குதிக்கும். மனைவி இருந்திருந்தால் மடி போயிற்று என்று விரட்டியிருப்பாள். நான் அதனோடு இரண்டு வார்த்தை பேசுவேன், பிறகு விரட்டுவேன். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெருமாளுக்கு அமுது செய்விக்க வைத்திருந்த பாலை முழுக்கக் குடித்துவிட்டு வாயை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அன்று பெருமாள் உலர்ந்த திராட்சையோடு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூலையில் மீந்திருந்த சுண்ணாம்பையும் மணலையும் குழைத்து, செங்கல் துண்டுகளைத் திணித்து, அந்தப் பொந்தை நானே அடைத்தேன். வேலை நன்றாக வந்திருப்பதாக எனக்கே நினைப்பு. கையைக் கழுவும்போதுதான் மேஸ்திரி சொன்னது ஞாபகம் வந்தது. திரும்பவும் சிரித்தேன். இந்தத் தடவை சிரிப்பு அவ்வளவு சுலபமாக வரவில்லை.

பத்து நாள் கழித்துக் கொள்ளேகாலிலிருந்து ஓர் ஆள் லாபுக்கே வந்தார். பிரசவம் ஆகிவிட்டது, தாய் சௌக்கியம், குழந்தை தங்கவில்லை என்றார். அடுத்த பஸ்ஸில் போனேன். நான் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்திருந்தது. மனைவி பின்கட்டு அறையில் படுத்திருந்தாள். தீட்டு என்பதால் நிலைப்படிக்கு இப்பாலேயே நின்றேன். கஷாயம் சாப்பிட்டாயா என்று கேட்டேன். தலையை அசைத்தாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு அரித்த புண் என் விரல்களில் இன்னும் ஆறவில்லை. கையை மடித்து மறைத்துக்கொண்டு நின்றுவிட்டு, கூடத்தில் மாமனாரோடு சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பினேன்.

வீட்டுக் கதவைத் திறந்தால் கூடத்தில் சத்தம். அடுக்கி வைத்திருந்த மங்களூர் ஓடுகளுக்கு நடுவே, என் பழைய வேட்டி ஒன்றின் மேல் பூனை குட்டி போட்டிருந்தது. கீற்றைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. நாலு குட்டிகள். நாலும் உயிரோடு. விளக்குமாற்றைக் கையில் எடுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பூனை எழுந்து ஓடவில்லை, என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. நான் விளக்குமாற்றோடு தரையில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் காலையில் வந்த பாலை அதற்கே ஊற்றினேன்.

இனி வீட்டில் மாசமானவள் இல்லை. சொல்லியனுப்ப வேண்டிய அவசியம் இல்லாமலே செய்தி தெரிந்து ஆவணியில் மேஸ்திரி வந்தார். வந்தாரே தவிர வேலை நகரவில்லை. தசரா நெருங்கியதும் ஊரிலுள்ள கொத்தன், வெள்ளையடிக்கிறவன் எல்லாரையும் யார் யாரோ பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அது முடிந்ததும் ராகி அறுப்பு என்று அவர் ராமாபுரம் போய்விட்டார். மீதித் தாமதம் என்னால் வந்தது. சமையலறை ஜன்னலைக் கிழக்கே வைக்கச் சொன்னேன், வைத்ததும் வடக்கே மாற்றச் சொன்னேன். சுவரில் விளக்குப் பிறை ஒன்று வேண்டும் என்றேன், வேண்டாம் என்றேன். வீடு முடிந்ததும் பெண்ணைக் கொண்டுவந்து விடுவதாக மாமனார் எழுதியிருந்தார். அவள் இல்லாமல் அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. அவள் வந்து அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கப்போகும் நாளையும் தள்ளிப்போடவே பார்த்தேன். பொந்தை அடைத்தது நான் என்று தெரிந்தால் அவள் என்னோடு வாழ்வாளா? இந்த ஒரு கேள்வியைத்தான் ஐந்து மாதம் சுமந்துகொண்டு திரிந்தேன். பௌதிகம் படித்த படிப்பெல்லாம் லாபைப் பூட்டும்போது உள்ளேயே தங்கிவிட்டது.

பூனை தன் குட்டிகளுக்கு ஏழு வீடு காட்டும் என்பார்கள். எங்கள் பூனைக்கு ஒரே வீட்டுக்குள் ஏழு இடம் கிடைத்தது. கூடத்தில் ஓட்டைப் பிரித்தால் குட்டிகளைக் கவ்விக்கொண்டு உள்ளறைக்குப் போகும், உள்ளறையில் கடப்பாரைச் சத்தம் கேட்டால் திரும்பக் கூடத்துக்கு. என் படுக்கையும் அதன் பின்னாலேயே போயிற்று. குட்டி போட்ட பூனை மாதிரி அலைகிறான் என்று மனிதர்களைச் சொல்கிறோம். அந்தப் பூனை போன இடத்தில் நிம்மதியாகத்தான் தூங்கியது, அலைந்தவன் நான். சாப்பாட்டு வேளையில் என் இலையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். எதிர்வீட்டுக்காரர் தினமும் வாசலில் நின்று, "மனே கெலசா முகீதா?" என்று கன்னடத்தில் விசாரிப்பார். வேலை இன்னும் முடியவில்லை என்று தினமும் சொல்வேன். பல நாட்களில் மனிதர் என்று நான் பேசியது அவரோடு மட்டும்தான்.

வாராவாரம் மனைவிக்குக் கடிதம் எழுதினேன். மரச்சட்டம் வந்தது, மீதி ஓடு வரவில்லை, இதைத் தவிர அதில் ஒன்றும் இருக்காது. பதிலை மாமனார்தான் எழுதுவார். அவளும் சௌக்கியம் கேட்கச் சொன்னாள் என்று கடைசியில் ஒரு வரி இருக்கும், அதை இரண்டு மூன்று தடவை படிப்பேன்.

கார்த்திகையில் சமையலறைக்கு ஒருவழியாக ஓடு ஏறியது. சாரத்தைப் பிரித்து, பொந்துகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்த மேஸ்திரி ஓரிடத்தில் நின்றுவிட்டார். அங்கே ஏற்கெனவே அடைத்திருந்தது. பூச்சு கோணல்மாணலாக, வெடித்துப் போய், கொத்து வேலை தெரியாதவன் செய்தது என்று கத்திச் சொல்லிக்கொண்டிருந்தது. யார் அடைத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். எப்போது என்று கேட்டார். ஆடியில் என்றேன்.

அவர் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"சாஸ்திரம் சாஸ்திரந்தானுங்க சாமி, நான் இல்லேன்னு சொல்லலீங்க" என்றார். "ஆனா எனக்கும் ரெண்டு போச்சுங்க. அப்ப பொந்து அடைக்க எனக்குச் செவுரு ஏதுங்க? சோளத்தட்டுக் குடிசைதானுங்க."

கரண்டியின் முனையால் என் பூச்சை உதிர்த்துவிட்டு, ஈரம் தெளித்து, ஒழுங்காகப் பூசினார். சாப்பாட்டு நேரத்தில், எனக்காகத்தானோ என்னவோ, குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வாலை நிமிர்த்திப் பார்த்து, இது கடுவன், இது பொட்டை என்று சொல்லிக்கொடுத்தார். இரண்டு கடுவன், இரண்டு பொட்டை. அன்று சாயங்காலம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் முதல் தடவையாக வீட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நாலு குட்டிகளைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதினேன். எது கடுவன், எது பொட்டை, எது திருடும், எது என் செருப்பில் படுக்கும் என்றெல்லாம்.

ஐந்தாம் நாள் ஒரு கார்டு வந்தது. அவளுடைய கையெழுத்து. "பூனைக்குட்டிகளைப் பற்றி எழுதியிருந்தது பார்த்தேன். வந்து அழைத்துப் போகவும்." இவ்வளவுதான். பூனைக்குட்டிகள் அவள் மனதை இளக்கிவிட்டன என்று எனக்கு ஒரே குஷி. அந்தக் கார்டை மேஸ்திரியிடம்கூடக் காட்டினேன்.

கொள்ளேகாலில் மாமனார் ஆட்சேபித்தார். மார்கழியில் பெண்ணை அனுப்புகிற வழக்கம் இல்லை, பாதி வீட்டுக்கு இன்னும் ஓடு ஏறவில்லை, தை பிறக்கட்டும் என்றார். அவள் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழியெல்லாம் வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் அவள் நுழைந்ததும் பூனைகள் மூலைக்கு ஒன்றாக ஓடின. அவள் நேராகச் சமையலறைக்குப் போனாள். நான் பின்னால் போய், இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று, சுவரைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பாலை, பொந்தை, சுண்ணாம்பை, பத்து நாளை. அவள் கடைசிவரை கேட்டாள். சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கொடி கழுத்துல சுத்திண்டிருந்துது. மருத்துவச்சி சொன்னா" என்றாள். "அது எப்படிப் போச்சுன்னு நீங்க யாரையாவது கேட்டேளா?"

இல்லை என்றேன்.

"பூனைக்குட்டி நாலையும் கடுவன் எது, பொட்டை எதுன்னு பாத்து எழுதியிருந்தேள். நமக்குப் பொறந்தது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. வந்த ஆள் குழந்தை என்றார், மாமனார் குழந்தை என்று எழுதினார், என் மனதுக்குள் நானும் குழந்தை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். என் கை செய்த பாவத்தைப் பற்றி ஐந்து மாதம் நினைத்தவன், அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு நாள்கூட நினைக்கவில்லை. அவளைப் பற்றியும் நினைக்கவில்லை, அவள் என்னை என்ன சொல்வாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

சொல்லு என்றேன்.

சுண்ணாம்பு படிந்த பலகையைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"பொண்ணு" என்றாள். "கழுத்து வரைக்கும் முடி. மடியில வெச்சிண்டிருந்தேன். அவர் வரட்டும், ஒரு தடவை பாக்கட்டும்னு சொன்னேன். பஸ் வர நேரமாகும்னு வாங்கிண்டு போயிட்டா. நீங்க வந்து நின்னப்போ, இப்பக் கேப்பேள், இப்பக் கேப்பேள்னு பாத்துண்டே இருந்தேன்."

அவள் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தேன். கண் யாரைப் போல என்று கேட்டேன். கண்ணைத் திறக்கவே இல்லை என்றாள். மூக்கு யாரைப் போல, காது யாரைப் போல, விரல் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.