நர்ஸம்மா சைக்கிளுக்கு நான் தைத்த பை

1. கிழிந்த சீட்டு

தென்னூரில் கார் சீட்டுக்குக் குஷன் தைக்கும் பட்டறை வைத்திருந்தேன். யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள் அவை. ஊரில் கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் பாதிப்பேர் என்னிடம்தான் வருவார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு திங்கட்கிழமை ஸ்ரீரங்கத்து டாக்டரின் கார் வந்து நின்றது. பின் சீட்டுத் தோல் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து நார் தெரிந்தது. கூட வந்த நர்ஸ் ஞானம்மா தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாருங்கோ பாய், பெடல் குத்திக் கிழிச்சுடுத்து. இனிமே என் கார்ல சைக்கிள் ஏறப்படாது" என்றார் டாக்டர்.

"சைக்கிள் ஏறலைன்னா நானும் ஏறலை டாக்டர்" என்றார் நர்ஸம்மா, குரலை உயர்த்தாமல்.

வியாழன்தோறும் டாக்டர் முசிறிக்குப் போய் வைத்தியம் பார்ப்பார். நர்ஸம்மா அங்கிருந்து ஆற்றோரத்து ஊர்களுக்குப் பிரசவம் பார்க்கப் போவார். வாழைத் தோட்டத்து வரப்பில் கார் போகாது. அவர் நடந்து போய்ச் சேர்வதற்குள் முந்தைய மாதம் ஒரு தாய் இறந்துபோனாள். அதற்குப் பிறகுதான் சைக்கிளை எடுத்துப் போக ஆரம்பித்தார். காருக்குப் பின்னால் கட்டிப் பார்த்தார்கள். குலுக்கலில் ரிம் கோணிப்போனது. உள்ளே ஏற்றினார்கள், சீட்டு கிழிந்தது.

"மெத்தை வெச்சு ஒரு பை தைச்சுத் தரேன். சீட்டுல கீறல் விழுந்தா என்னைக் கேளுங்க" என்றேன்.

"இந்த ஒரு வியாழக்கிழமை பாக்கறேன். மறுபடி கிழிஞ்சா பேச்சே கிடையாது" என்றார் டாக்டர்.

2. இரண்டு பைகள்

முதல் பையை மெத்தை தைக்கிற புத்தியோடு தைத்தேன். கித்தான் துணிக்குள் நாலா பக்கமும் இலவம் பஞ்சைத் திணித்தேன். பை கார்க் கதவுக்குள்ளேயே நுழையவில்லை. நர்ஸம்மா சிரிக்கவில்லை. "இன்னும் ரெண்டு நாள் இருக்கு பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிரித்துப்போட்டு மறுபடி தைத்தேன். பெடல், செயின், ஹேண்டில் முனை என்று குத்துகிற இடங்களுக்கு மட்டும் கெட்டியாகப் பஞ்சு வைத்தேன். முன் சக்கரத்தைக் கழற்றித் தனி உறையில் போட்டேன். வியாழக்கிழமை காலை பையைப் பின் சீட்டில் சாய்த்து, முழங்காலால் அமுக்கி, பையின் வாரை இழுத்து இறுக்கினேன். அசையவே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

3. மாட்டாத சக்கரம்

நர்ஸம்மாவை இறக்கிவிட முசிறி தாண்டி ரோடு முடியும் இடத்தில் கார் நின்றதும் ஒருவர் ஓடிவந்தார். "விடியக்காலைலேர்ந்து வலிங்க. எம் பொண்டாட்டி தாங்கமாட்டாம்மா, சீக்கிரம் வாங்க!" என்றார்.

பையைப் பிரித்துச் சக்கரத்தை மாட்டப் போனேன். மாட்டவில்லை. நான் அமுக்கி இறுக்கியதில், முன் சக்கரத்தைக் கவ்வும் ஃபோர்க்கின் ஒரு கால் உள்ளே வளைந்திருந்தது. இரண்டு காலுக்கும் நடுவே சக்கரத்தின் ஹப் நுழைய இடமில்லை.

நர்ஸம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டார். "நான் நடக்கிறேன். சரியானதும் ஓட்டிக்கிட்டு வாங்க, வழியில ஏறிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அந்த மனிதரோடு வரப்பில் இறங்கிவிட்டார்.

காரில் கிடந்த சுத்தியலின் பிடியை ஃபோர்க் கால்களுக்கு நடுவே கொடுத்து நெம்பினேன். இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாம் தடவை வளைந்த கால் நிமிர்ந்தது. சக்கரத்தை மாட்டி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, லேடீஸ் சைக்கிளில் வரப்போடு வரப்பாக விழுந்தடித்துப் போனேன். பாதி வழியில் அவரைப் பிடித்தேன். அவர் ஏறி மிதித்துப் போனதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

திரும்பி நடந்து வந்தபோது டாக்டர் சீட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பேஷ் பாய், ஒரு கீறல் இல்லை!" என்றார். அந்தப் பாராட்டைப் போல என் தொழிலில் எதுவும் என்னைச் சுட்டதில்லை. நான் பை தைத்தது சீட்டுக்கு. சைக்கிளை நான் நினைக்கவே இல்லை. இத்தனைக்கும், ஸ்பிரிங்கைக் கழற்றிய சீட்டுச் சட்டம் ஒடுங்காமலிருக்கக் குறுக்குக் கட்டை வைப்பது என் பட்டறையில் தினப்படி வழக்கம். சக்கரத்தைக் கழற்றிய ஃபோர்க்கும் அதே மாதிரிதான் என்று எனக்குத் தோன்றாமல் போயிற்று.

மத்தியானம் சாய்ந்து நர்ஸம்மா வந்தார். புடவையெல்லாம் சேறு.

"கொடி கழுத்தைச் சுத்தியிருந்துச்சு. நல்ல நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். தாயும் பொம்பளப் புள்ளையும் சௌக்கியம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அடுத்த வியாழக்கிழமை சக்கரம் மாட்டும்ல, பாய்?" என்றார்.

அன்று ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஹப் அகலத்துக்கு ஒரு தேக்குக் கட்டை அறுத்தேன். ஃபோர்க் கால்களுக்கு நடுவே அதை வைத்த பிறகுதான் சைக்கிள் பைக்குள் போகும். அதற்குப் பிறகு எத்தனையோ வியாழக்கிழமைகள் அந்தச் சக்கரம் தட்டாமல் மாட்டியது.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்த வண்டி வந்தாலும் சரி, டேப்பை எடுத்து அளப்பதற்கு முன்னால் கேளுங்கள்: "கார்லேர்ந்து இறங்கின பிறகு எங்கே போகணும்?"