பின்னலில் மாட்டிய ரப்பர் பேண்டு

வெள்ளை கேன்வாஸ் ஷூவுக்குப் போட்ட பாலிஷ் காய்வதற்கு முன்னால் ஒரு வாசனை வரும். சுண்ணாம்பும் ஈரத்துணியும் கலந்த மாதிரி... வீட்டில் அந்த வாசனை வந்தால், மறுநாள் காலை நானும் ஸ்டெல்லாவும் ஓடப்போகிறோம் என்று அர்த்தம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். தாம்பரம் பக்கம் சேலையூரில் வீடு. நான் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். பக்கத்துத் தெரு ஸ்டெல்லா நர்சரி ஸ்கூல் டீச்சர். ஸ்போர்ட்ஸ் டேயில் டீச்சர்களுக்கு வைத்த ஓட்டத்தில் அவள் ஜெயித்துவிட்டாள். அந்தக் கிறுக்கு என்னையும் தொற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

சுடிதார். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் ஒரு முடிச்சு. ஐந்தரைக்குக் கிளம்பி கேம்ப் ரோடு தாண்டிப் போய்த் திரும்புவோம். பால் பூத் வரிசையில் நிற்கும் அங்கிள் ஒருவர், பஸ்ஸை விட்டுட்டீங்களாம்மா என்று தினமும் கேட்பார். இப்பதான் போச்சு அங்கிள் என்று ஸ்டெல்லாவும் தினமும் சொல்வாள்.

இப்போது ஏதோ 'கோர் ஒர்க்அவுட்' என்கிறார்கள். எங்களுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. ஸ்டீல் பீரோவுக்கு அடியில் பாதங்களைச் சொருகிக்கொண்டு சிட்-அப் எடுப்பேன். எழும்போதெல்லாம் பீரோ டொங்கென்று சத்தம் போடும். முழங்கைகளை ஊன்றிக் குப்புறப் பலகை மாதிரி நின்றால் போச்சு... பீரோவுக்கு அடியில் என்னடி தொலைச்ச என்று அம்மா விளக்குமாற்றோடு வந்துவிடுவாள்.

பிரச்சினை அப்பாவிடம்தான் வந்தது. சர்க்கார் ஆபீஸில் இருபத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவர். எதைச் சொன்னாலும் "எழுத்துல இருக்கா?" என்பார். பெண்ணை ரோட்டில் ஓடவிடுகிறாரே என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள்.

அப்போது பார்த்து, பக்கத்து கிளப் ஒன்று பொங்கலுக்கு ரோடு ரேஸ் வைத்தது. தாம்பரத்திலிருந்து செம்பாக்கம் போய்த் திரும்ப வேண்டும், பத்து கிலோமீட்டர். முதல் தடவையாகப் பெண்களும் ஓடலாம் என்றார்கள்.

அப்பா தீர்ப்பு சொன்னார். "முழுசா ஓடினேன்னு சர்டிபிகேட் கொண்டா. அப்புறம் உன் இஷ்டம். இல்லன்னா மறுநாள்லேருந்து இந்தக் காலை ஓட்டம் எல்லாம் வேண்டாம்."

அந்தக் கால ரேஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் பாதி வழியிலேயே திரும்பிவிடக்கூடாது இல்லையா? அதற்காக, திரும்பும் இடத்தில் நிற்பவர் ஆளுக்கொரு சிவப்பு ரப்பர் பேண்டு கொடுப்பார். அதை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு வந்து காட்டினால்தான் முழுத் தூரமும் ஓடியதாகக் கணக்கு.

ராஜகீழ்ப்பாக்கம் தாண்டும்போதே என் பின்னல் அவிழ்ந்துவிட்டது. முடி முகத்தில் அடிக்கிறது, வாயில் போகிறது... செம்பாக்கத்தில் ஒருவர் கையில் ரப்பர் பேண்டைத் திணித்தார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கை தன் பாட்டுக்குப் பின்னலை முறுக்கி நுனியில் மாட்டிவிட்டது. அப்பாடா என்று இருந்தது. திரும்பி வரும்போது பறந்து வந்தேன்.

முடியும் இடத்தில் ஒரு மேஜை. நோட்டோடு ஒரு சார். பேண்டு எங்கே என்றார். பின்னலை எடுத்து முன்னால் போட்டுக் காட்டினேன்.

"தலையில கட்டியிருக்கிறதை எல்லாம் எழுத முடியாதும்மா. கையில இருக்கணும்."

பதறிப்போய் அதைப் பிடித்து இழுத்தேன். அறுந்துவிட்டது. கையில் அறுந்த ரப்பரும் நாலு முடியும். சார் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

தூங்குமூஞ்சி மரத்தடியில் போய் நின்று அழுதேன். ஓடிய பத்து கிலோமீட்டருக்காக இல்லை. மறுநாள் காலைக்காக... அதற்கடுத்த எல்லாக் காலைகளுக்காகவும்.

பத்து நிமிஷம் கழித்து ஸ்டெல்லாவும் ஓடி முடித்து, மேஜைக்குப் போகும் முன் என்னிடம் வந்தாள். விக்கி விக்கிச் சொன்னேன். அவள் தன் மணிக்கட்டில் இருந்ததைக் கழற்றி என் கையில் மாட்டினாள்.

"உனக்கு?" என்றேன்.

"எங்க வீட்ல யாரும் எழுத்துல கேக்கல. போடி."

மேஜைக்குப் போனோம். சார் என் மணிக்கட்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், பின்னால் நின்றவளையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் என் பெயரை எழுதிக்கொண்டார். "உன் பேண்டு எங்கம்மா?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டார்.

"நான் பாதியிலயே திரும்பிட்டேன் சார்."

அவள் கன்னத்தில் வியர்வை காய்ந்து உப்புக் கோடு போட்டிருந்தது. அந்த முகத்தை வைத்துக்கொண்டு அப்படி ஒரு பொய்! எனக்கு அப்போதும் நிஜத்தைச் சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அப்பா சர்டிபிகேட்டை இரண்டு தடவை படித்தார். தன் ஃபைலில் சேர்த்துக்கொண்டார். மறுநாள் காலை ஐந்து மணிக்கு என்னை எழுப்பியது அவர்தான். கடைசிவரை அவரிடம் நடந்ததைச் சொல்லவில்லை.

இப்போது அந்த ரோட்டில் நடக்கவே இடம் இல்லை. போன மாதம் சிறுசேரிப் பக்கம் ஒரு ரேஸ் ஓடினேன். நெஞ்சில் குத்திய நம்பர் அட்டையிலேயே ஒரு சிப். எங்கே திரும்பினோம், எத்தனை செகண்ட், எல்லாம் அதற்குத் தெரியும். இளநீர் குடித்து முடிப்பதற்குள் போனில் சர்டிபிகேட் வந்துவிட்டது. யாரும் யாருக்காகவும் பொய் சொல்லத் தேவையில்லை.

ஸ்டெல்லா இப்போது மறைமலை நகரில் மகன் வீட்டில் இருக்கிறாள். முட்டி ஆபரேஷன் ஆகிவிட்டது. ஒவ்வொரு சர்டிபிகேட்டையும் முதலில் அவளுக்குத்தான் அனுப்புவேன். "பேண்டு கையில இருந்துச்சா?" என்று பதில் வரும்.

இருந்தது. இன்றும் ஒவ்வொரு ரேஸுக்கும் மணிக்கட்டில் ஒரு சிவப்பு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டுதான் ஓடுகிறேன். எதற்கு என்று கேட்பவர்களிடம், முடி கட்டத்தான் என்று சொல்லிவிடுவேன். நான் கிராப் வெட்டிப் பத்து வருஷமாகிறது.