நல்ல நேரத்துக்கு முந்திய அரை மணி

காலை ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. ஒன்பதரைக்குத் தங்கச்சிக்குப் பெயர் வைப்பதாக இருந்தது. பிறந்து முப்பத்தோராம் நாள். பிள்ளை பெற்ற துடக்குக் கழித்து, வீடு கழுவியாயிற்று. ஐயரைக் கூட்டிவர அப்பா பாலம் தாண்டி நகரத்துக்குப் போயிருந்தார். கல்லடிப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவே எங்கள் மணல் வளவு.

அந்த மாதம் முழுக்க வீட்டில் பெயர்ச் சண்டைதான். அப்பா எண் சாத்திரம் பார்த்து ‘யதுர்ஷிகாந்தினி’ என்று கண்டுபிடித்திருந்தார். அம்மாவுக்கு ‘மலர்’ போதும்.

“அத்தான், இந்தப் பேரச் சொல்லி முடிக்கக்குள்ள புள்ள பள்ளிக்கூடம் போயிரும்” என்றார் மாமா, அம்மாவின் தம்பி.

“நீ சும்மா இரு மச்சான். உனக்கும் எண் பாத்துப் பேர் வச்சிருந்தா இப்ப ஒரு பொண்டாட்டி கிடைச்சிருக்கும்.”

கடைசியில் அப்பாதான் வென்றார். நல்ல நேரத்தில் தாய்மாமன் பிள்ளையின் காதில் சொல்லும்வரை அந்தப் பெயரைச் சொல்லி யாரும் பிள்ளையைக் கூப்பிடக் கூடாது என்பது அவர் கட்டளை. அதனால் அவள் எங்களுக்கு வெறும் ‘புள்ள’.

கடல் வந்தபோது அது தண்ணீர் என்றே எனக்குத் தெரியவில்லை. ஏதோ கறுப்பாக, வீடுகளை உடைத்துக்கொண்டு வந்தது. மாமா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வாவிப் பக்கம் ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம். கரையிலிருந்து விலகிக்கொண்டிருந்த தோணியில் இருந்த யாரோ கையை நீட்ட, அவர் பிள்ளையைக் கொடுத்தார். திரும்பி வந்து அம்மாவையும் என்னையும் ஒரு மாமரத்தில் ஏற்றிவிட்டார். அடுத்த அலைக்குப் பிறகு மாமாவை நாங்கள் காணவில்லை.

மரத்திலிருந்து அம்மா கத்தினார். “புள்ள! என்ட புள்ள!” சுற்றிலும் எல்லா மரங்களிலும், கூரைகளிலும் இருந்த தாய்மார் அதே சொல்லைத்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் குரல் அவற்றோடு கலந்துவிட்டது.

இன்று நானும் ஒரு தாய். பெயர்களைப் பற்றி எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு: பெயர் குறுகியதாக இருக்க வேண்டும், எதிர்க்காற்றிலும் கேட்க வேண்டும், பிறந்த அன்றே வைக்க வேண்டும். என் மகனுக்கு அப்படித்தான் வைத்தேன். ஊரார் துடக்கு என்றார்கள். யுத்தம் முடிந்த காலத்தில் முகாம் வேலிகளின் முன்னால் பிள்ளைகளின் பெயரைக் கூவி நின்ற தாய்மாரையும் பார்த்திருக்கிறேன். பெயர் இருந்தும் பலருக்குப் பதில் வரவில்லை. அது தெரிந்தும், மகன் விளையாடப் போய்க் கொஞ்சம் சத்தமில்லாமல் இருந்தால் வாசலுக்கு வந்து அவன் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன்.

அன்று பின்னேரம், தப்பியவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் அப்பா எங்களைக் கண்டுபிடித்தார். காணாமற்போனவர்களின் பெயர்களை அங்கே ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். “புள்ளைட பேர் என்ன?” என்று கேட்டபோது அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா சொன்னார். அந்த நீண்ட பெயரை முதன்முதலாக உலகம் கேட்டது அந்த ஒலிபெருக்கியில்தான். திரும்பிப் பார்க்க யாரும் இல்லை.

“ஐயா, முப்பது நாள் புள்ளைக்கு அந்தப் பேர் தெரியுமா? வேற அடையாளம் ஏதும் சொல்லுங்க” என்றான் மைக்கில் பேசிக்கொண்டிருந்த பையன்.

“இடது காதுக்குப் பின்னால மச்சம்” என்றார் அம்மா. அதன்பின் அதை மட்டும்தான் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் மாலை, முக்காடு போட்ட ஒரு பெண் ஒரு சின்ன மூட்டையை அணைத்தபடி வாசலில் வந்து நின்றார். பக்கத்து ஊர் காத்தான்குடிக்காரர். அதே தோணியில் அக்கரைக்குப் போனவராம்; மச்சம் பற்றிய அறிவிப்பைக் கேள்விப்பட்டு வந்தாராம். அம்மா ஓடிப்போய்ப் பிள்ளையின் காதை மடித்துப் பார்த்தார். மச்சம் இருந்தது.

“பால்... பாலுக்கு என்ன செய்தீங்க?”

“என்ட பால்தான், தங்கச்சி” என்றார் அந்தப் பெண் அம்மாவிடம்.

அவருடைய உடுப்பின் மார்புப் பக்கம் ஈரமாக இருந்தது. திரும்பி வந்த தோணியில் தண்ணீர் தெறித்திருக்கும் என்று நினைத்தேன். பிள்ளையைக் கொடுக்க அவர் ஏன் இவ்வளவு தாமதிக்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அவருடைய பிள்ளை எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

“கோவிச்சிராதீங்க” என்றார் அவர். “பேர் சொல்லாம உறங்க வைக்க ஏலாமப் போச்சி. ‘சப்ரா’ எண்டு, என்ட புள்ளைட பேரச் சொல்லித்தான் கூப்பிட்டன். இன்னொருக்காக் கூப்பிட்டுட்டுத் தரட்டா?”